வாங்காத ரிப்போர்ட்

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள். "கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க? டீ குடிச்சிருந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க. மாத்திரை போட்டீங்களா? நல்லாத் தூங்குனீங்களா?" இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே பாதிப் பேர் எங்கள் லேபுக்கு வருவதில்லை என்று முதலாளி புலம்புவார்.

ஒருநாள் மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர் வந்தார். "வெறும் வயிறுதான் தாயி" என்று கையை நீட்டினார். அவள் மூக்கை லேசாகச் சுளித்தாள்.

"தேங்காச் சட்னி வாசம் வருதேய்யா?"

"ஒரே ஒரு வடைதான்."

"வடைக்கும் சேத்துத்தான் ரிசல்ட் வரும். நாளைக்கு வாங்க."

அவர் போகும்போது என் மேஜையைப் பார்த்து, "என்னண்ணே, போலீஸ் ஸ்டேசன்ல கூட இம்புட்டு விசாரிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படி ஏறி வந்தால் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையம். கீழே முழுக்க மொத்த வியாபாரக் கடைகள். காலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தத்தோடுதான் எங்கள் வேலை தொடங்கும். நான் முன்னறையில் பெயர் எழுதி, ரிப்போர்ட் டைப் அடித்து, போனுக்குப் பதில் சொல்கிறவன். அவள் உள்ளறையில் டெக்னீஷியன். என்னைவிட எட்டு வயது சின்னவள். என்னை அண்ணே என்பாள், நான் அவளை வாம்மா போம்மா என்பேன். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாருடைய ரிப்போர்ட்டையும் அடுத்தவர் கண்ணில் காட்டாதவள் அவள். அவளைப் பற்றிய ரிப்போர்ட்டில் நான் பெயர் போட்டால் நன்றாக இருக்காது.

அந்த விஷயத்தில் அவள் மகா பிடிவாதக்காரி. வீட்டுக்காரர் வந்து மனைவியின் ரிப்போர்ட்டைக் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டாள். "ரத்தம் யாருதோ ரிப்போர்ட்டும் அவங்களுதுதான்" என்பாள். வந்து வாங்காமல் விட்ட ரிப்போர்ட்டுகளுக்கு என்றே ஒரு தகர டிரே வைத்திருந்தாள். உறை ஒட்டி, மேலே பெயர் எழுதி, தேதிப்படி அடுக்கி வைத்திருப்பாள். வருசக்கணக்கில் கிடக்கும். "தூக்கிப் போடும்மா, யாரு வரப்போறா" என்று நான் சொல்வேன். "நம்ம வேலை எடுத்து வைக்கிறது. வாங்குறதும் வாங்காததும் அவங்க இஷ்டம்" என்பாள்.

இன்னொரு பழக்கம், எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்ல மாட்டாள். மெஷின் ஒரு எண்ணைக் காட்டியதும் எழுதிவிடுகிற ஆள் இல்லை. அதே ரத்தத்தில் இன்னொரு துளி எடுத்து மறுபடி ஓட்டுவாள். காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்கினால்கூட இரண்டு முறை எண்ணுவாள் என்று அவள் வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்படிப்பட்ட ஒருத்தி நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருவாள் என்பதுதான் எனக்குப் புரியாத புதிர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வர மாட்டாள். காலையில் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவாள். மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமப் பொட்டுகூட உண்டு, கண்ணாடிப் பக்கம் படாமல் தள்ளி அடியில் வைத்திருப்பாள். நானோ சாமி இல்லை என்கிறவன். அதுவும் சும்மா இருக்கிற ரகம் இல்லை, பேசியே தீருகிற ரகம். லேபில் கூட்டம் குறைந்த மத்தியான வேளைகளில் அவளை வம்புக்கு இழுப்பதுதான் என் பொழுதுபோக்கு.

"எல்லாத்தையும் டெஸ்ட் எடுத்துப் பாக்குறவ, சாமிக்கு மட்டும் ஏம்மா எடுக்க மாட்டேங்குற?"

"என்ன டெஸ்ட்டுண்ணே எடுக்கிறது? டாக்டரு சீட்டுல எழுதிக் குடுத்தா எடுக்குறேன்."

"மழுப்பாத."

"மழுப்பலண்ணே. சுகர் டெஸ்டுல டைபாய்டு தெரியுமா? எதைத் தெரிஞ்சுக்கணும்னு முதல்ல சொல்லணும்ல?"

இதுதான் அவளிடம் எனக்குக் கிடைக்கிற பதில். வாதாடவும் மாட்டாள், விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பதிலோடுதான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு தடவை, படித்த மனுசர் ஒருத்தர் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். ஏதோ ஒரு கோயில் தெப்பத்துத் தீர்த்தம். இதைக் குடித்தால் நோய் தீருமென்று ஊரே நம்புகிறது, இதில் கிருமி இருக்கிறதென்று எழுதித் தாருங்கள், வாட்ஸப்பில் போட வேண்டும் என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப் போய்விட்டது. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் பரிசோதனை நாங்கள் செய்வதில்லை என்று அவள் முதலில் சொன்னாள். அப்புறம் அவளுக்கே ஆசை வந்துவிட்டது போல. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வழக்கம்போல இன்னொரு சொட்டும் பார்த்தாள்.

"நெளியுது சார். நிறையக் கெடக்கு. யாரும் குடிக்காம இருந்தா நல்லது."

"அப்ப அங்க சாமி இருக்குங்கிறது பொய்தான?" என்றார் அவர்.

"தண்ணியில புழு இருக்குன்னு சொன்னேன் சார்."

"நோய் தீருதுங்கிறது?"

"அதைப் பாக்கலாம். ஆனா இந்த ஒரு பாட்டிலை வச்சுப் பாக்க முடியாது. கொஞ்சப் பேருக்குக் குடுத்து, கொஞ்சப் பேருக்குக் குடுக்காம, ரெண்டு கூட்டத்தையும் ரொம்ப நாளு பாத்துக்கிட்டே இருக்கணும். அது பெரிய வேலை."

"சாமி இருக்கா இல்லையாங்கிறது?"

"அதுக்கு எங்கிட்ட பாட்டில் இல்ல சார்" என்றாள்.

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. என் முகமும்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவளே அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். தீர்த்தம் குடித்தாயா என்று நக்கலாகக் கேட்டேன்.

"தலையில தெளிச்சுக்கிட்டேன். குடிக்காதன்னுதான் மைக்ராஸ்கோப் சொல்லுச்சு. கும்பிடாதன்னு சொல்லலையேண்ணே."

இன்னொரு நாள் அவளை மடக்கிவிட்டதாகவே நினைத்தேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருசம் குழந்தையில்லை. அப்புறம் ஒரு பெண் பிறந்தது. அழகர்கோயில் பக்கம் எங்கோ போய், வேண்டிக்கொண்டபடி குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தாள். வேண்டிக்கொண்ட அதே நாட்களில் டாக்டரிடமும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"உண்மையச் சொல்லு. புள்ளையக் குடுத்தது டாக்டரா, சாமியா?"

நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அந்தக் கேள்வி தனக்கே ரொம்ப நாளாகப் பழக்கம் என்பது போலத் தலையாட்டினாள். "ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிட்டேண்ணே. இனிமே பிரிச்சுப் பாக்க முடியாது. பிரிக்கணும்னா ஏதாவது ஒண்ணை விட்டுப் பாத்திருக்கணும். எம் புள்ளைய வச்சு அந்த டெஸ்ட் எடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் டைப் அடிக்கப் போய்விட்டேன்.

என் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் வைத்து விவசாயம் பார்ப்பவர். நெடுநாள் சர்க்கரை. காலில் குத்திய முள்ளை முள்தானே என்று விட்டதில் விரல்கள் கறுத்து, முன்பாதம் வரைக்கும் அழுகல் வந்துவிட்டது. மதுரைக்குக் கூட்டி வந்து டாக்டரிடம் காட்டினேன். முன்பாதத்தை எடுத்தாக வேண்டும், இரண்டு நாளைக்கு மேல் தள்ளினால் விஷம் மேலே ஏறி உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். அப்பா முடியாது என்றார். காரணம், மதுரைக்கு வருவதற்கு முன்பே அவர் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் இது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்து ஒன்றுபோல் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, மனசுக்குள் கேள்வியைக் கேட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் இப்படித்தான். என் கல்யாணத்துக்கும் பார்த்தார்கள். வெள்ளை வந்ததாகத்தான் சொல்கிறார்கள், என் மனைவிக்கு இன்னும் சந்தேகம்.

அப்பாவுக்குச் சிவப்பு வந்திருந்தது. "காசைச் சுண்டிப் போடுறதும் இதும் ஒண்ணுதான்ப்பா" என்று கத்தினேன். அழுதும் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்ததால், வேறு வழி தெரியாமல் அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா கையை நீட்டவில்லை. "எதுக்குத் தாயி ரத்தம்? நான் ஆப்பரேசனுக்குப் போகல. சாமி வேண்டாம்னுருச்சு" என்றார்.

அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்புறம் வடை தின்ற பெரியவரை விசாரித்த அதே குரலில் கேட்க ஆரம்பித்தாள்.

"பூ எப்பய்யா கட்டுனீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"யாரு எடுத்தா?"

"நாந்தான்."

"குளிச்சு, விரதம் இருந்து?"

"எல்லாம் முறையாத்தான்."

"பங்காளி வகையில கெட்டது எதுவும் நடந்துச்சா?"

"சித்தப்பன் மகன் திருப்பூர்ல தவறிட்டான். அதுக்கு மூணு நாளு முன்னாடி" என்றார் மெதுவாக.

"அப்ப உங்களுக்குத் தீட்டுல்லய்யா? தீட்டோடயா சாமிகிட்டக் கேட்டீங்க?"

"அவனுக்கும் எனக்கும் கெணத்துப் பங்குல சண்டை. இருபது வருசமாப் பேச்சு இல்ல, எழவுக்கும் நான் போகல. அவன் செத்தா எனக்கென்ன தீட்டு?"

"பேச்சு இல்லைன்னா பங்காளி இல்லைன்னு ஆயிருமாய்யா?"

அவ்வளவுதான் கேட்டாள். அப்பாவின் முகம் மாறியது. இருபது வருசமாக எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் கேட்கத் துணியாத கேள்வி அது.

"கருமாதி எப்ப?" என்று கேட்டாள்.

"இன்னும் பத்து நாளு இருக்கு."

"அதுவரைக்கும் நீங்க கோயில் வாசலை மிதிக்க முடியாது. டாக்டரு ரெண்டு நாளுங்கிறாரு. சாமிகிட்டக் கேக்க முடியாத நேரத்துல நீங்க யாருகிட்டய்யா கேப்பீங்க?"

அப்பா கண்ணை மூடித் திறந்தார். பிறகு கையை நீட்டினார். "குத்து தாயி."

படியிறங்கும்போது அவள் கையைப் பிடித்துக் கும்பிடாத குறை. "பிரமாதமான ஐடியாம்மா! எனக்குத் தோணாமப் போச்சே!" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஐடியாவா? தீட்டோட கேட்டா பதில் எப்படிண்ணே சரியா வரும்? சாப்பிட்டு வந்து வெறும் வயித்து டெஸ்ட் எடுத்த மாதிரில்ல."

நிஜமாகவே சொல்கிறாளா, நடிக்கிறாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முன்பாதம் போனது, அப்பா இருந்தார். ஆனால் சில மாதம் கழித்து, புண் ஆறி ஊருக்குப் போனதும், மனுசர் ஒடுங்கிப் போனார். கேட்காமல் செய்துவிட்டோமே என்ற உறுத்தல். செய்தது சம்மதமா என்று பூக்கட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்றார்.

"சிவப்பு வந்தா என்னப்பா செய்வீங்க?"

"சாமி சொல்லை மீறி உசுரோட இருக்கேன்னு அர்த்தம். அப்புறம் இந்த ஊசி மருந்தெல்லாம் எதுக்கு? நிறுத்திருவேன்."

அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. பூவை யார் எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். "அந்தப் பொண்ணு எடுக்கட்டும். அது சுத்தமான கை."

கேட்டதும், "வாரேண்ணே" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாடிப்பட்டி பஸ் ஏறினோம். அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்கு. வழி நெடுக அவள் வயலையும் தென்னையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மடியில் பூப்பையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்று சிவப்பு. பாதிக்குப் பாதி. இந்தப் பாதியை நம்பியா என் அப்பாவை நான் விடுவேன்?

கோயிலில் பூசாரி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பூவை நானே கட்டுகிறேன் என்று மரத்துக்குப் பின்னால் போனேன். வாழையிலைத் துண்டு இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து நாரால் கட்டினேன். செவ்வரளி என் சட்டைப் பைக்குள் போனது.

பொட்டலங்களைக் குலுக்கிப் பூசாரி தட்டில் போட்டார். அப்பா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கண்ணீரோடு நின்றார். அவள் கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ வேண்டி, ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிரித்தார். வெள்ளை. "அப்பனே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஆறு மாதத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, பொய்யில்லை.

பூசாரி விபூதி கொடுக்க அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன். தட்டில் மீதி இருந்த பொட்டலத்தை அவள் எடுத்துவிட்டாள். எதையும் இரண்டு தடவை பார்க்கிற கை அது. நாரை அவிழ்த்து, இலையை விரித்தாள். அதிலும் வெள்ளை. பிறகு முன்பு இருந்தது போலவே மடித்துக் கட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பாவோடு சாப்பிட்டாள், சிரித்துப் பேசினாள். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சிம்மக்கல்லில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கவாண்ணே? பூவுல ஒண்ணும் இல்ல, காசு சுண்டுற மாதிரிதான்னு சொல்லுவீங்கள்ல?"

"ஆமா."

"அப்பறம் எதுக்குப் பயந்தீங்க?"

"அப்பா மருந்தை நிறுத்திருவாரும்மா!"

"அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. சிவப்பு வந்தா அவருகிட்ட என்ன சொல்லணும்னு பஸ்ஸுல வாரப்பவே யோசிச்சு வச்சிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சாமியைச் சோதிக்கணும் சோதிக்கணும்னு மூணு வருசமாச் சொல்றீங்க. இன்னைக்கு ஒரு சோதனை நடந்துச்சு. அதுல கை வச்சது நானும் இல்ல, அப்பாவும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. விடக் கூடாது என்று திருப்பிக் கேட்டேன். "நீ மட்டும் என்னவாம்? நம்புறவ எதுக்கு ரெண்டாவதைப் பிரிச்சுப் பாக்கணும்?"

"சிவப்பு இருக்கும்னு நம்பித்தான்ணே பிரிச்சேன்" என்றாள்.

டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "நான் அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டது அவரு. ரிசல்ட்டும் அவருது. நாளைக்குப் பாக்கலாம்ணே, போறேன்."

மறுநாள் நான் வந்தபோது தகர டிரேயில் புதிதாக ஒரு உறை இருந்தது. மேலே அவள் கையெழுத்தில் அப்பாவின் பெயரும் முந்தின நாள் தேதியும். கொஞ்சம் புடைத்திருந்தது. அதற்குப் பிறகு சாமியைப் பற்றி நான் அவளிடம் வம்பு பேசவில்லை. அவளுக்கு அது சப்பென்று இருந்திருக்க வேண்டும். சில மத்தியானங்களில் அவளே வந்து, "என்னண்ணே, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா?" என்பாள்.

இரண்டு வருசம் கழித்து அவள் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு வேலை மாற்றலாகி அவள் கிளம்பினாள். போவதற்கு முன் டிரேயிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் படித்து என்னிடம் ஒப்படைத்தாள். அப்பாவின் பெயர் வந்தபோதும் குரல் மாறவில்லை. "இதுவும் வாங்கல" என்றாள், அடுத்த உறையை எடுத்தாள்.

அப்பா இப்போதும் நன்றாக இருக்கிறார். அரைப் பாதத்தோடு, அதற்கென்று தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, வரப்பில் நடக்கிறார். வேளைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். செத்த பங்காளியின் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கிணற்றுப் பங்கையும் பேசித் தீர்த்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் வெள்ளைப் பூ வந்த கதையைச் சொல்வார், அந்தச் சுத்தமான கையைப் பற்றிச் சொல்வார். அந்த நேரத்தில் நான் தட்டிலிருக்கிற சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதைக்கூட எழுதுகிறேன்.

உறை என் பீரோவில் இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன? ஒரு காய்ந்த இலை, ஒரு காய்ந்த பூ. பூவில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவன் நான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதை அப்பாவிடம் கொடுக்கவும் துணிவில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை.